ஆயில் குறையவில்லை

வீடு,
மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் இருக்கிறேன், அவ்வளவுதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கப்பல் போனில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. அழுதால்கூடப் பாதிதான் கேட்கிறது. அதனால்தான் கடிதம். அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட் உன் கையில் கொடுத்துவிடுவார் என்று கம்பெனியில் சொன்னார்கள்.

உன் அத்தானை அனுப்பிவைக்க வர முடியவில்லையே என்று நொந்துகொள்ளாதே. கடலில் இருப்பவன் பறந்தா வர முடியும்? ஆனால் நடந்ததை யாராவது ஒழுங்காகச் சொன்னார்களா என்று தெரியவில்லை. அன்று காலை அவர் நன்றாகத்தான் இருந்தார். புது ஸ்போர்ட்ஸ் கார் ஆயில் குடிக்கிறது, குடிக்கிறது என்று உன்னிடமும் புலம்பியிருப்பாரே. சர்வீஸ் சென்டருக்கு எத்தனை தடவை போனாலும் "அளவுக்குள்தான் இருக்கு சார்" என்று ஒரே பல்லவி. அன்று ஷெட்டில் ஆயிலை மேல்கோடு வரை ஊற்றிவிட்டு, "குறைவா கொண்டுபோனா நம்ம மேலயே பழியைப் போடுவானுங்க. இன்னைக்கு அவனுங்கள ஒரு வழி பண்ணிட்டுத்தான் வருவேன்" என்று கிளம்பினார்.

அங்கே காத்திருக்கும் அறையில், சோபாவில், கையில் காபிக் கோப்பையோடு, மாரடைப்பு. சாவியைக் கொடுக்க வந்த பையன் தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டி, "சார், வண்டி ரெடி, ஆயில் அளவுக்குள்தான் இருக்கு" என்றானாம். மாலையில் அவர்கள் டிரைவர் ஒருவன் காரை மட்டும் கொண்டுவந்து விட்டுப் போனான்.

அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. விற்றுவிடப் போகிறேன். விற்கும்வரை ஆஸ்பத்திரி வேலைக்கு அதில்தான் போய்வர வேண்டும். எக்ஸ்ரே அறைக்குக் காலை ஷிப்டில் போக இங்கிருந்து பஸ் கிடையாது. ஆயில் எப்போது பார்க்க வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எழுது. ஷெட்டில் ஒரு ஆணியில் துணி தொங்குகிறது, அதில் ஒரு முடிச்சு. நீ சொல்லிக்கொடுத்ததாமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


கப்பல்,
மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எஞ்சின் அறையில் நின்றபடி படித்தேன். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ தூங்குகிறாயா? அதை முதலில் எழுது.

அந்த முடிச்சு எங்கள் கப்பல் பழக்கம். கையால் ஊற்றும் தொட்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துணி தொங்கும். ஊற்றியவன் அதில் முடிச்சுப் போட வேண்டும். "ஊற்றியாயிற்று, நீ கை வைக்காதே" என்று அர்த்தம். அளவு கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டது என்று எவன் பார்க்கிறானோ அவன்தான் முடிச்சை அவிழ்த்து, ஊற்றி, மறுபடி முடிச்சுப் போடலாம். முன்பு ஒரு தடவை இரண்டு ஷிப்ட் ஆட்களும் தனித்தனியாக ஊற்றி, தரையெல்லாம் எண்ணெய்க் குளமாகி, தலைமை எஞ்சினியர் அதில் சறுக்கி விழுந்தார். அதற்குப் பிறகு வந்த சட்டம். அத்தானிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். போன லீவில் வந்து பார்த்தால் உன் தலையணை உறையைக் கிழித்து ஷெட்டில் மாட்டியிருந்தார்.

கார் விஷயம். பானெட்டைத் திறந்தால் மஞ்சள் பிடி வைத்த அளவுக் கம்பி ஒன்று இருக்கும், டிப்ஸ்டிக். வண்டி சமதரையில் நின்று, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அதை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் போதும். இந்த மாதிரிப் புது வண்டிகளில் ஆயிலை மேலே ஏறவிடாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகள் மெலிசு, ஆயிலும் தண்ணீர் மாதிரி. ரிங்கைத் தாண்டி மேலே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். ஒரு மாதத்துக்குள் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். அப்போது முடிச்சை அவிழ்த்து ஊற்று.

சிட்டு எப்படி இருக்கிறாள்? காலேஜுக்குப் போகிறாளா? மாமா கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


வீடு,
ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. தூக்கம் வருகிறது, சில நாள். உனக்கு அந்த முதுகுவலி எப்படி?

நீ சொன்னபடியே வாராவாரம் பார்க்கிறேன். சனிக்கிழமை காலை, வண்டி ஆறிக் கிடக்கும்போது. ஆயில் குறையவில்லை.

முதல் வாரம் சரி என்று விட்டேன். அவர் ஊற்றி இப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் பெரிய பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன், கடைகண்ணிக்கும் அதில்தான். அவர் இருந்தபோது மாதம் தவறாமல் குடித்த வண்டி இப்போது வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. மேல்கோட்டிலேயே இருக்கிறது. முடிச்சும் அப்படியே இருக்கிறது.

வாங்க ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் ஆயில் சாப்பிடும்னு சொல்றாங்களே" என்றார். "இது சாப்பிடாது" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. பிறகு விற்கவில்லை என்று அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாள் இருக்கட்டும்.

உன் அக்கா


கப்பல்,
மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு தேவலை. இங்கே வெயில் தகரத்தைப் பிளக்கிறது.

ஆயில் குறையாமல் இருந்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு. கிட்டக்கிட்டப் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுசாகச் சூடாகாது. எரியாத பெட்ரோல் வழிந்து ஆயிலில் கலந்துவிடும். அளவு குறையாத மாதிரி காட்டும், உள்ளே ஆயில் நீர்த்துப்போய்க் கிடக்கும். எஞ்சினுக்கு அது விஷம். கம்பியை மோந்து பார், பெட்ரோல் வாசனை வருகிறதா என்று. நிறத்தையும் பார். இத்தனை நாள் ஓடிய ஆயில் கருத்திருக்க வேண்டும். இரண்டையும் எழுது.

சிட்டுவைப் பற்றிக் கேட்டேனே, மறந்துவிட்டாயா?

உன் தம்பி


வீடு,
ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

வெயிலில் தலையைக் காட்டாதே. நான் சௌக்கியம்.

பெட்ரோல் வாசனை இல்லை. நிறம் தேன் மாதிரி இருக்கிறது. புதுசாகத் திறந்த டப்பாவில் இருக்குமே, அந்த நிறம். அளவு இப்போது மேல்கோட்டையும் கொஞ்சம் தாண்டி நிற்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஷெட்டில் கதவுக்குப் பின்னால் அவருடைய பழைய நீலச் சட்டை மாட்டியிருக்கும். வண்டி வேலை பார்க்கும்போது போட்டுக்கொள்வார். அவர் போன பிறகு அதன் கைகளை நான்தான் இறக்கிவிட்டு, நீவி, மாட்டிவைத்தேன். போன சனிக்கிழமை பார்க்கிறேன், கை இரண்டும் முழங்கை வரை சுருட்டியிருக்கின்றன. அவர் சுருட்டுகிற மாதிரியே, உள்பக்கமாக. வலது கையில் ஈர ஆயில். மோந்து பார்த்தேன். அவர் வாசனையும் இருந்தது தம்பி.

நான் பயப்படவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். சட்டையை அப்படியே மாட்டிவிட்டு வந்து காபி போட்டேன். இரண்டு கோப்பை.

கார் விற்பனைக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

உன் அக்கா


கப்பல்,
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபித்துக்கொள்ளாமல் கேள்.

தேன் நிறம் என்றால் புது ஆயில். புது ஆயில் தானாக முளைக்காது. யாரோ ஊற்றுகிறார்கள், கை இருக்கிற யாரோ. அத்தான் வேலைவெட்டி இல்லாமல் அங்கிருந்து இறங்கி வந்து ஆயில் ஊற்றுவாரா? வருவதாக இருந்தால் முதலில் அந்த சர்வீஸ் சென்டருக்குப் போய் நாலு பேரை உலுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். உனக்கே தெரியும்.

அலமாரியில் அவர் வாங்கி அடுக்கிய ஆயில் டப்பாக்கள் இருக்குமே, அவை குறைந்திருக்கின்றனவா பார். ஆயில் மூடியின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவை. அடுத்த வாரம் கிழிந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான் அக்கா. இன்னொருத்தியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்கிறாய்.

விளையாட்டு இல்லை இது. ஆயில் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கூடினால் உள்ளே சுழலும் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரையால் எஞ்சினைக் காப்பாற்ற முடியாது. புகை கக்கும், ஓடுகிற ஓட்டத்தில் நின்றுவிடும். நீ போவது பாலத்தின்மேல், பின்னால் லாரிகள். அத்தானை இழந்தாயிற்று. உன்னையும் ஒரு தகர டப்பாவுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

உடனே பதில் எழுது.

உன் தம்பி


வீடு,
ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. நீயும் நலமாக இரு.

டேப் ஒட்ட மாட்டேன். அலமாரிப் பக்கம் பார்ப்பதில்லை. நாள் முழுக்க ஊரார் எலும்பை ஊடுருவிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீட்டிலும் எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்க்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

நடுவில் ஒரு வாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

உன் அக்கா


கப்பல்,
செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இத்தனை நாள் பதில் இல்லாமல் துறைமுகத்துக்குத் துறைமுகம் ஏஜென்ட் முகத்தைப் பார்த்து நின்றது பழக்கமில்லை.

நானும் ஒன்று சொல்கிறேன். இங்கே எஞ்சினில் ஏதாவது விசித்திரமான சத்தம் கேட்டால், "இதை அத்தானுக்கு எழுத வேண்டும்" என்று இன்னும் மனசு குறித்துவைக்கிறது. ஒரு நொடி கழித்துத்தான் ஞாபகம் வருகிறது. தினமும் அந்த ஒரு நொடி வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார். எனக்கும் அந்த நொடி வேண்டியிருக்கிறது அக்கா. அதனால் உன்னைக் கேலி செய்தது தப்பு. கடலில் இருந்துகொண்டு வியாக்கியானம் பேசுவது சுலபம்.

ஆனால் "பிறகு சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, யார் சரிசெய்தார்கள்? அந்த ஒரு வரியை மட்டும் நீ வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. வண்டியை எடுக்காதே. ஆட்டோவோ டாக்ஸியோ பிடித்துப் போ.

சிட்டுவை ஒரு வரி எழுதச் சொல்.

உன் தம்பி


வீடு,
செப்டம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதலில் அதைப் படித்துக்கொண்டு பிறகு மற்றதைப் படி. உன் கடிதம் வந்து சேர்வதற்கு முந்தின நாளே எல்லாம் நடந்துவிட்டது.

அன்று நல்ல மழை. சிட்டுவுக்குப் பரீட்சை, காலேஜ் பஸ் போய்விட்டது. வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். நான் கண்ணாடியை இறக்கி, "ஏறு" என்றேன். ஏறினாள். அவர் போன பிறகு அவள் அந்தக் காரில் ஏறியது அன்றுதான். அதற்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தையும் ஏறக்குறைய அந்த "ஏறு"தான். நீ கேட்டுக் கேட்டு நான் எழுதாமல் விட்டது இதைத்தான். அவர் போய்ச் சேர்ந்த வாரமே, "அவரை முழுங்கின கார் இது, வித்துத் தொலைக்கணும்" என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். இதை எந்த வாயால் எழுதுவது?

பாலத்தின் நடுவில் போகும்போது பின்னால் நீலப் புகை. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு, சறுக்கி, எங்கள் பக்கத்துக் கதவை உரசுகிற தூரத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது சிட்டு அழ ஆரம்பித்தாள். "நான்தான்மா. நான்தான் ஆயில் ஊத்தினேன்."

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து நான் படுத்துத் தூங்கும்போது ஊற்றுவாளாம். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டால் துணியில் கறை படாது என்றாள். "அப்பா போட்ட முடிச்சும்மா அது. அளவு குறைஞ்சா அவிழ்க்கணும். குறையவிடக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு, "நானும்தான்டீ" என்றேன்.

ஆமாம் தம்பி. ஜூலையில் ஒரு சனிக்கிழமை கம்பியில் அளவு இறங்கியிருந்தது. இவளுக்குக் காய்ச்சல், இரண்டு வாரம் எழவில்லை. அதனால்தான் குறைந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் அலுத்துப்போய்விட்டாரோ, நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்துபோனேன். அவருக்குப் பதில் நானே ஊற்றினேன். அதற்குப் பிறகு வாராவாரம் கொஞ்சம். அவருக்குச் சிரமம் குறையட்டும் என்று.

இதைக் கேட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் ஊத்தினதைவிட அதிகமா இருந்துச்சும்மா. ஒவ்வொரு வாரமும். அப்பாவும் ஊத்துறார்னு நெனச்சேன்."

நான் அவளை அவர் என்று நினைத்தேன். அவள் என்னை அவர் என்று நினைத்தாள். மழையில், பாலத்தின்மேல், புகை நாற்றத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பரீட்சையும் போச்சு.

சர்வீஸ் சென்டரில் நுரைத்துக் கிடந்த ஆயிலை வடித்து, புதிதாக மேல்கோடு வரை ஊற்றிக் கொடுத்தார்கள். எஞ்சின் பிழைத்துக்கொண்டதாம். கிளம்பும்போது, அன்று அவர் தோளைத் தட்டிய அதே பையன், "இப்ப அளவுக்குள்தான் இருக்கு மேடம்" என்றான். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மிரண்டுபோனான்.

திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடு.

உன் அக்கா


கப்பல்,
அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறீர்கள். வேறு எதுவும் இப்போது என் மண்டையில் ஏறவில்லை. திட்டு எல்லாம் லீவில் வரும்போது நேரில், வட்டியோடு.

எங்கள் தலைமை எஞ்சினியரிடம் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சிட்டு சூடாக இருக்கும்போதே அளவு பார்த்திருப்பாள் என்றார். எஞ்சின் ஆறுவதற்குள் பார்த்தால் ஆயில் முழுசும் கீழே இறங்கியிருக்காது, குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் கூடத்தான் போகும்.

இனிமேல் இருவரும் கை வைக்கக் கூடாது. இது தம்பி சொல்வதில்லை, கப்பல் சட்டம். முடிச்சு இருக்கும்வரை யாரும் ஊற்றக் கூடாது. சனிக்கிழமை சேர்ந்து போய்ப் பாருங்கள். பார்ப்பது மட்டும். அந்த வண்டி குடிக்கிற வண்டிதான், அத்தான் பொய் சொல்லவில்லை. குறையும். குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தள்ளிப்போடாதீர்கள்.

உன் தம்பி


வீடு,
நவம்பர் 28

அன்புள்ள மாமாவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். நீங்கள் சௌக்கியமா? முதுகுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருப்பதாக அம்மா சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தை நீயே எழுது, என்னால் முடியாது என்றும் சொன்னாள். விட்டுப்போன பரீட்சையை மறுபடி எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வரும்வரை வண்டியை எடுக்கவே இல்லை. பிறகு நீங்கள் சொன்னபடி சனிக்கிழமைகளில் இருவரும் போய்ப் பார்த்தோம். முதல் வாரம் மேல்கோடு. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். "நீ ஊத்தலையே?" "இல்லம்மா. நீ?" "ஊத்தல." அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும். ஒவ்வொரு தடவையும் அம்மா கம்பியைத் துடைத்துவிட்டு இரண்டாவது முறை விட்டுப் பார்ப்பாள். நானும் வாங்கி ஒருமுறை பார்ப்பேன். ஏதாவது தப்பாகப் பார்த்திருப்போமோ என்றுதான். அந்த வாரங்களில் ஷெட்டில் எந்தச் சத்தமும் இல்லை மாமா. முன்பு இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இப்போது இல்லை என்பது தெரிந்தது.

நேற்று கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. ஆயில் கருத்திருந்தது. யாரும் ஊற்றவில்லை. அப்பா ஊற்றவில்லை.

அம்மா ஷெட் படியில் உட்கார்ந்து அழுதாள். அவரை அனுப்பிவைத்த அன்றுகூட இப்படி அழவில்லை. நான் துணியை ஆணியிலிருந்து எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். அப்பா இறுக்கித்தான் போட்டிருந்தார். ஆயில் ஊறி ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. நான் நகத்தால் நெம்பினேன், வரவில்லை. அம்மா பல்லால் கடித்து இளக்கினாள். பிறகு ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், ஒரு முனையை நான்.

அவிழ்ந்த இடத்தில் துணி வெள்ளையாக இருந்தது மாமா. மற்ற இடமெல்லாம் கறுப்பு. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள். "தலையணை உறையைக் கிழிச்சிட்டாரேன்னு எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா" என்றாள்.

புனலை நான் பிடித்துக்கொண்டேன், அம்மா ஊற்றினாள். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொண்டோம். புது முடிச்சை அம்மா போட்டாள். அது நடுவில் விழவில்லை, ஒரு ஓரமாக விழுந்தது. வெள்ளையாக இருந்த இடத்தை இருவருமே தொடவில்லை.

சீக்கிரம் லீவு போட்டு வாருங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
சிட்டு